எலும்புக்குள் ஒரு வழுவழுப்பு

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் காதுக்கு இனிமையானதல்ல. எலும்பில் வைத்த பிளேட், ஸ்க்ரூ, ராடு, செயற்கை மூட்டு ஆகியவற்றைச் சுற்றிப் பிடிக்கிற சீழைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆனால் பேச்சைப் பிளேட்டிலிருந்து தொடங்கப்போவதில்லை. ஒரு துண்டுப் பட்டு நூலிலிருந்து தொடங்குகிறேன்.

1957-இல் எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: மனிதத் தோலுக்குள் எத்தனை கிருமி போனால் சீழ் பிடிக்கும்? தன்னார்வலர்களின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை எண்ணி எண்ணிச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் ஒரு சீழ்க்கட்டி வருவதற்குப் பத்து லட்சக் கணக்கில் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு பட்டுத் தையல் போட்டுவிட்டுச் செலுத்தினார்கள். இப்போது சில நூறே போதுமாக இருந்தது. கிருமி மாறவில்லை. தோலும் மாறவில்லை. மாறியது ஒரு நூல்தான். அந்த ஒரு நூலால் உடம்பின் காவல் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு தளர்ந்துபோனது. ஒரு சிறு நூலுக்கே இந்தக் கதி என்றால், தொடை எலும்பின் நீளத்துக்கு இறக்குகிற ராடுக்கு என்ன கதி? நான் இன்று சொல்ல விரும்புவது இதுதான்: இந்த நோயை மருந்தின் வலிமையை வைத்துக் கணக்குப் போட்டால் கணக்கு தவறிவிடும். இது பரப்பின் நோய், நேரத்தின் நோய். எந்தப் பரப்பில், எந்த நேரத்தில் என்ற இரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டு, எந்த மாத்திரை என்று மட்டும் கேட்பதால்தான் ஆண்டுக்கணக்கில் புரையோடிப்போகிற கால்களைப் பார்க்கிறோம்.

முதலில் பரப்பு. வெளியூர்ப் பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது? வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு விழுகிறது. யாருடைய துண்டு முதலில் விழுந்ததோ அவருக்கு இடம். உடம்புக்குள் ஒரு உலோகம் நுழையும்போதும் இதுவே நடக்கிறது. ஒரு பக்கம் நம் திசுக்களின் செல்கள் அந்த உலோகத்தின் மேல் படர ஓடிவருகின்றன. மறுபக்கம், அறுவையின்போது விழுந்த ஒன்றிரண்டு கிருமிகளும் அதே இடத்துக்கு ஓடிவருகின்றன. செல்கள் முந்திக்கொண்டால் கிருமிக்கு உட்கார இடமில்லை. கிருமி முந்திக்கொண்டால் செல்லுக்கு இடமில்லை. அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் ஆன்டனி கிரிஸ்டினா 1987-இல் இதைப் 'பரப்புக்கான பந்தயம்' என்று பெயரிட்டு எழுதினார். துறையில் இன்றும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது.

சரி, கிருமி இடம் பிடித்துவிட்டது. அடுத்து என்ன செய்கிறது? நாலு நாள் கழுவாத தண்ணீர்க் குடத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். உட்புறம் வழுவழுவென்று இருக்கும். எத்தனை முறை தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தாலும் அது போவதில்லை. புளி போட்டுத் தேய்த்தால்தான் போகும். உலோகத்தில் ஒட்டிய கிருமிகளும் இப்படி ஒரு வழுவழுப்பைத் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொள்கின்றன. சர்க்கரைப் பொருள், புரதம், செத்த செல்களின் டிஎன்ஏ எல்லாம் கலந்த ஒரு பசை அது. இதற்குப் பயோஃபிலிம் என்று பெயர். நாம் பாக்டீரியாப் படலம் என்று சொல்லலாம். இயற்கையில் கிருமிகள் பெரும்பாலும் இப்படிக் கூட்டமாக ஒட்டித்தான் வாழ்கின்றன என்று 1970-களிலிருந்தே வாதாடியவர் வில்லியம் காஸ்டர்டன். அவர் ஓடை நீரின் கற்களில் கண்ட வழுவழுப்பும் மருத்துவமனைகளில் கழற்றியெடுத்த பிளேட்டின் வழுவழுப்பும் ஒரே வாழ்க்கை முறைதான். இந்தப் படலத்துக்குள் உள்ள கிருமிகளில் ஒரு பகுதி ஏறக்குறைய உறக்கத்தில் கிடக்கிறது. வளராது, பிரியாது, சாப்பிடுவதும் குறைவு. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக் வளர்கிற கிருமியைத்தான் கொல்லும், உறங்குகிறதை விட்டுவிடும். ஆகவே மிதக்கிற கிருமியைக் கொல்லப் போதுமான மருந்தைப்போல் நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு இருந்தாலும் படலம் அசையாமல் இருக்கக்கூடும். அவ்வளவு மருந்தை மனித உடம்பு தாங்காது. லேப் ரிப்போர்ட்டில் இந்த மருந்துக்குச் 'சென்சிடிவ்' என்று போட்டிருக்கிறதே, பிறகு ஏன் குணமாகவில்லை என்று உறவினர்கள் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். லேப் சோதித்தது தனியாக வளர்த்த கிருமியை. காலில் இருப்பது கூட்டமாக ஒட்டிக்கொண்ட கிருமி. ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அது வேறு கேள்விக்கு விடை சொல்கிறது.

இதோடு போகவில்லை. எலும்பு ஒரு திடமான கல் அல்ல. அதற்குள் எலும்புச் செல்களை இணைக்கும் நுண்ணிய கால்வாய்கள் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் குறுக்களவு சுமார் ஒரு மைக்ரான். அந்தக் கால்வாய்களின் அகலம் அதில் பாதிகூட இராது. ஆனாலும் கிருமி தன் உருண்டை வடிவத்தை நசுக்கி நீட்டிக்கொண்டு அதற்குள் புகுந்து கிடப்பதை, அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளின் எலும்பில் மின்னணு நுண்ணோக்கி வழியே கண்டு 2017-இல் வெளியிட்டார்கள். கை கால் இல்லாத கிருமி இப்படி நகர்ந்து போகும் என்று அதற்கு முன் யாரும் எதிர்பார்க்கவில்லை. வெள்ளணுக்கள் அந்தச் சந்துக்குள் நுழையவே முடியாது. பத்து ஆண்டு ஆறிக்கிடந்த கால் திடீரென்று மறுபடியும் சீழ் வடிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்து, நேரம். 1877-இல் ஜோசப் லிஸ்டர் லண்டனில் ஒருவருடைய உடைந்த முழங்கால் சில்லை வெள்ளிக் கம்பியால் கட்டினார். தோல் கிழியாத முழங்காலைக் கத்தி வைத்துத் திறப்பது அன்றைக்குப் பைத்தியக்காரத்தனம். சீழ் பிடித்தால் கால் போகும், உயிரும் போகும். கார்பாலிக் அமிலத்தை நம்பி லிஸ்டர் துணிந்தார், வென்றார். எலும்பில் உலோகம் வைக்கும் கலை கிருமித் தடுப்பின் தோளில் ஏறித்தான் வளர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எண்பது ஆண்டு கழித்து இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்று அறுவையை உருவாக்கியபோது அதே சிக்கல் வந்து நின்றது. தொடக்க காலத்தில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு உள்ளே சீழ் பிடித்தது. காற்றில் மிதந்து விழுகிற கிருமிதான் காரணம் என்று சார்ன்லி நினைத்தார். அறுவைக் கூடத்துக்குள்ளேயே ஒரு கூண்டு கட்டி, வடிகட்டிய காற்றை மேலிருந்து இறக்கினார். அறுவை செய்பவரின் மூச்சுக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் உடுப்பையும் வடிவமைத்தார். சில ஆண்டுகளில் விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

அப்படியானால் காற்றுதானே குற்றவாளி என்று கேட்பீர்கள். அங்கேதான் கவனம் வேண்டும். சார்ன்லி அந்த ஆண்டுகளில் காற்றை மட்டும் மாற்றவில்லை. தையல் முறை, உடுப்பு, கைத்தேர்ச்சி எல்லாம் கூடவே மாறின. எதனால் எவ்வளவு குறைந்தது? இதைத் தீர்க்க எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மூட்டு மாற்று அறுவைகளை வைத்து ஓவன் லிட்வெல் குழுவினர் செய்த பெரிய ஆய்வு 1982-இல் வந்தது. தூய காற்று, சீழை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. ஆனால் அறுவைக்கு முன் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கும் பெரிய அளவில் குறைத்ததாகத் தெரிந்தது. மருந்தைப் பொறுத்தவரை அது சீட்டுப் போட்டுப் பிரித்த ஒப்பீடு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்தில் பெரும் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, எல்லோருக்கும் முறையாக ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் காலத்தில் அந்த விலையுயர்ந்த காற்று அமைப்பால் கூடுதல் பயன் தென்படவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் மூட்டு மாற்று அறுவையில் சீழைத் தடுப்பதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. விளம்பரப் பலகையில் காற்று அமைப்பின் பெயரைப் பெரிதாகப் போடும் மருத்துவமனைகள் இதையும் சிறிய எழுத்திலாவது போடலாம்.

முன்கூட்டிக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் என்றேனே, அதில் 'முன்' என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. 1961-இல் ஜான் பர்க் கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, மருந்தை வெவ்வேறு நேரத்தில் கொடுத்துப் பார்த்தார். கிருமி வருமுன்பே மருந்து திசுவில் இருந்தால் புண் மிகச் சிறிது. கிருமி வந்து மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தால்? மருந்தே கொடுக்காததுபோல. மூன்று நாள் அல்ல, மூன்று மணி நேரம்! பந்தயம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆகவேதான் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போடும் வழக்கம் உலகெங்கும் வந்தது. இங்கே ஒரு மறுப்பு எழும்: முன்னால் ஒரு ஊசி சரி, பின்னால் ஐந்து நாள் சேர்த்துப் போட்டால் இன்னும் பாதுகாப்புத்தானே, அதிகம் போட்டால் என்ன குறைந்துவிடும்? தையல் போட்டு முடிந்த பிறகும் தடுப்பு மருந்தை நீட்டிப்பதால் சீழ் குறைவதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து அதே 2016 வழிகாட்டி சொல்கிறது. குறைவது இல்லை, கூடுவது உண்டு: மருந்துக்கு அடங்காத கிருமி. அந்த நோயாளிக்குப் பின்னால் வருகிற அடுத்த நோயாளியும் அதற்கு விலை கொடுப்பார். இதைவிட எளிய ஒரு தடுப்பு மூக்கில் இருக்கிறது. பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருடைய மூக்குக்குள் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் குடியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களைக் கண்டறிந்து, மூக்கில் மியூபிரோசின் களிம்பும் குளிக்கக் குளோர்ஹெக்சிடின் சோப்பும் கொடுத்த நெதர்லாந்து ஆய்வில் அந்தக் கிருமியால் வந்த தொற்று நூற்றுக்கு 7.7-லிருந்து 3.4-ஆக இறங்கியது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் புகைபிடிப்பதை நிறுத்துவதும் இதே வரிசையில் வருபவை; அவற்றை நீங்கள் நூறு முறை கேட்டிருப்பீர்கள், மேலே போகிறேன்.

எல்லாம் செய்தும் சீழ் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வாரம். தையல் ஓரம் சிவந்திருக்கிறது, நீர் கசிகிறது. குடும்பம் என்ன கேட்கும்? 'டாக்டர், இன்னும் பவரான மருந்து கொடுங்கள், மறுபடியும் கத்தி வேண்டாம்.' கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பணமும் பயமும் அப்படிக் கேட்க வைக்கின்றன. ஆனால் குடத்தை நினைத்துப் பாருங்கள். கொப்பளித்தால் போகுமா? இளம் படலத்தைத் திறந்து, சுரண்டி, நிறைய உப்புநீர் விட்டுக் கழுவி, செத்த திசுவை எடுத்து, பிறகு மருந்து கொடுத்தால் பல சமயம் பிளேட்டையும் மூட்டையும் கழற்றாமலே காப்பாற்றலாம். அதற்கு உள்ள அவகாசம் மூன்று நான்கு வாரம். மாத்திரையை மாற்றி மாற்றி அந்த நான்கு வாரத்தைக் கழித்துவிட்டால், கழுவினாலே போயிருக்கக்கூடிய நோய் கழற்றினால்தான் போகும் நோயாகிவிடுகிறது. கத்தி வேண்டாம் என்று தள்ளிப்போட்டவருக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கத்தி வந்து சேருகிறது.

அப்படியானால் படலத்துக்குள் புகுந்து வேலை செய்கிற மருந்தே இல்லையா? ஒன்று உண்டு. அது நமக்கு நன்றாகத் தெரிந்த மருந்து. காசநோய்க்குக் கொடுக்கும், சிறுநீரைச் சிவப்பாக்கும் ரிஃபாம்பிசின். பிரெஞ்சுக் கடற்கரை மண்ணிலிருந்து 1957-இல் இத்தாலிய ஆய்வகம் ஒன்று பிரித்தெடுத்த கிருமியின் வழியில் வந்தது. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த 'ரிஃபிஃபி' என்ற திருட்டுப் படத்தின் பெயரையே விளையாட்டாக அந்த மருந்துக் குடும்பத்துக்கு வைத்தார்களாம். 1998-இல் சுவிட்சர்லாந்தின் ஸிம்மர்லி குழுவினர், உலோகத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் பிடித்தவர்களுக்குச் சுத்தம் செய்யும் அறுவை முடித்து, சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசின் சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்துப் பார்த்தார்கள். சேர்த்து முழுமையாகச் சாப்பிட்ட 12 பேரில் 12 பேரும் குணமானார்கள். சேர்க்காமல் முடித்த 12 பேரில் 7 பேர். சிறிய ஆய்வுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இதைக் கேட்டவுடன் 'பார்த்தீர்களா, மருந்து போதும்' என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் எல்லோரும் சீக்கிரம் வந்தவர்கள், உலோகம் ஆடாமல் இருந்தவர்கள், முதலில் கழுவப்பட்டவர்கள். பரப்பும் நேரமும் சரியாக இருந்த இடத்தில்தான் மருந்து வென்றது. தனியாகக் கொடுத்தால் சில நாட்களிலேயே கிருமி ரிஃபாம்பிசினுக்கு அடங்க மறுத்துவிடும். எலும்புக் காசநோய் அரிதல்லாத நம் நாட்டில், அந்தச் சீழ் காசநோய்ச் சீழா என்று பார்க்காமல் இந்த மருந்தை எடுத்து வீசுவது இரட்டைத் தவறு.

இன்னொரு கேள்வி பின்வரிசையிலிருந்து வரும் என்று எதிர்பார்க்கிறேன். உலோகம்தான் கிருமிக்கு ஆசனம் என்றால், சீழ் பிடித்தவுடன் கழற்றி எறிந்துவிட வேண்டியதுதானே? இன்னும் ஒரு படி மேலே போய், பிளேட்டே வேண்டாம், புத்தூர்க் கட்டே போதும் என்றால் என்ன? முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். எலும்பு கூடாமல் ஆடிக்கொண்டிருந்தால் தொற்று தணிவதே இல்லை. ஆட்டம் திசுவைக் குலைக்கிறது, புது ரத்தக் குழாய்களை அறுக்கிறது. உறுதியாகப் பிடித்திருக்கும் பிளேட்டை எலும்பு கூடும்வரை விட்டுவைத்து, கழுவி, மருந்தால் அடக்கிவைத்து, கூடிய பிறகு கழற்றுவதே பல இடங்களில் அறிவார்ந்த வழி. ஆடும் பிளேட் என்றால் ஒரு நாளும் வைத்திருக்கலாகாது. கழற்றிவிட்டு வெளிச்சட்டம் போட வேண்டும். பகை உலோகத்தோடு அல்ல, ஆட்டத்தோடு. இரண்டாவது கேள்விக்கு எண் பதில் சொல்லும். முறையாகச் செய்த மூட்டு மாற்று அறுவைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் சீழ் பிடிக்கின்றன. லாரி ஏறித் தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவில் ஆபத்து பல மடங்கு உயர்கிறது. அங்கே கிருமி பிளேட்டோடு வரவில்லை. சாலை மண்ணோடு முன்பே வந்துவிட்டது. அந்தக் காலுக்குக் கட்டுப் போட்டாலும் சீழ் வரும். எளிய முறிவு கட்டில் கூடிவிடும் என்பதற்காக எல்லா முறிவும் கட்டில் கூடிவிடாது.

செயற்கை மூட்டில் முற்றிப்போன படலத்துக்குக் கழற்றுவதைத் தவிர வழி குறைவு. ஹாம்பர்க்கில் ஹான்ஸ் புக்ஹோல்ஸ் 1970-ஐ ஒட்டி எலும்புச் சிமெண்டிலேயே ஜென்டாமைசினைக் குழைத்து, பழையதைக் கழற்றிய அதே அறுவையில் புதியதைப் பொருத்தினார். வேறு பலர் கழற்றிவிட்டு, மருந்துச் சிமெண்டில் செய்த தற்காலிக மூட்டை வைத்து, சில வாரம் பொறுத்துப் புதியதைப் பொருத்துகிறார்கள். எது மேல் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் எலும்புத் தொற்றென்றால் ஆறு வாரம் நரம்பில் ஊசி ஏறியே தீர வேண்டும் என்ற பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. 1,054 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஒவிவா ஆய்வு 2019-இல் வந்தது. முதல் ஆறு வாரம் நரம்பு வழி மருந்தில் தோல்வி நூற்றுக்கு 14.6, வாய்வழி மருந்தில் 13.2. ஊசியென்றால் உயர்வு, மாத்திரையென்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். அதே நேரம், 2021-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் செயற்கை மூட்டுத் தொற்றுக்கு ஆறு வாரம் மட்டும் மருந்து எடுத்தவர்களில் 18.1 விழுக்காட்டினருக்கு நோய் தங்கியது. பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களில் 9.4. மருந்து எந்த வழியே போகிறது என்பது அவ்வளவு முக்கியமல்ல. எத்தனை நாள் போகிறது என்பது முக்கியம். இங்கும் நேரமே பேசுகிறது.

கடைசியாக, நம் ஊரில் மிகவும் சாதாரணமாக நடக்கிற ஒன்று. மூட்டில் வலி, லேசான வீக்கம், யாரோ ஒருவர் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாட்டிக் எழுதித் தருகிறார், கொஞ்சம் தணிகிறது, மறுபடி வருகிறது, வேறு மாத்திரை. மூன்றாவது மாதம் அறுவை மருத்துவர் திறந்து திசுவை எடுத்து லேபுக்கு அனுப்பினால் 'கிருமி வளரவில்லை' என்று தாள் வருகிறது. மிதந்தவை செத்திருக்கும், ஒட்டியவை உறங்கிக் கிடக்கும். எந்தக் கிருமி என்று தெரியாமல் மூன்று மாத மருந்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 331 பேரிடமிருந்து கழற்றிய மூட்டுகளை நீரில் இட்டு, மீயொலி அதிர்வால் உலுக்கி, உதிர்ந்ததை வளர்த்துப் பார்த்தார்கள். லேபில் செய்த புளித்தேய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான திசு மாதிரி 60.8 விழுக்காடு தொற்றைக் காட்டிய இடத்தில் இது 78.5-ஐக் காட்டியது. அறுவைக்கு முந்தைய பதினான்கு நாளுக்குள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களிடம் திசு மாதிரி காட்டியது 45 விழுக்காடு மட்டும், உலுக்கியது 75. தோள் மூட்டில் பிடிக்கும் கியூட்டிபாக்டீரியம் போன்ற சோம்பேறிக் கிருமிகளுக்காக லேப் பதினான்கு நாள் காத்திருக்கவும் வேண்டும். ஐந்தாம் நாளே தட்டைக் கழுவி வைத்துவிட்டால் அவை ஒருபோதும் தெரியவரா. கடும் காய்ச்சல், ரத்தத்தில் தொற்று என்றால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. அப்படி அவசரமில்லாத மூட்டு வலியில், மாதிரி எடுக்கும்வரை இரண்டு வாரம் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவைக்கச் சொல்லும் மருத்துவர் உங்களைக் கவனிக்காமல் விடவில்லை; படலத்திலிருந்து ஒரு கிருமியாவது விழித்தெழட்டும் என்று காத்திருக்கிறார்.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கையைத் தூக்கியிருக்கும் அந்த அம்மாவிடமிருந்து தொடங்கலாம்.